இரும்பை அளந்துகொண்டிருந்த பெண் மயங்கி விழுந்தாள்: பதினைந்தாயிரம் ரூபாயில் என்ன செய்யலாம்?

பியூரெட்
செப்டம்பர் 4, 2025

டெல்டாவில் ஒரு சிறு நகரத்து அரசு கலைக் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். கௌரவ விரிவுரையாளர், பதினோராவது வருடம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் முதலாமாண்டுச் செய்முறை வகுப்பு. பெர்ரஸ் சல்பேட் கரைசலில் எவ்வளவு இரும்பு இருக்கிறது என்று பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை வைத்துத் தரம்பார்க்க வேண்டும். படித்தவர்களுக்கு நினைவிருக்கும், ஊதாவைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே போய், குடுவையில் இளஞ்சிவப்பு மறையாமல் நின்றதும் நிறுத்த வேண்டும். மூன்றாவது அளவீட்டில் ஒரு பெண், "மேடம், கண்ணை இருட்டுகிறது" என்றாள். நான் திரும்புவதற்குள் சரிந்துவிட்டாள். சொட்டு விடும் கண்ணாடிக் குழாயான பியூரெட் உடைந்து தரையெல்லாம் ஊதா. அவளுடைய வெள்ளைக் கோட்டில் விழுந்த கறை மறுநாள் பழுப்பாக மாறியிருந்தது, துவைத்தும் போகவில்லை. ஆய்வக உதவியாளர் அக்கா சோடா வாங்க ஓடினார். நான் தரையில் உட்கார்ந்து அவள் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் மாதத்தில் மட்டும் இது மூன்றாவது. சுதந்திர தினக் கொடியேற்றத்தில் ஒருத்தி. உதவித்தொகைக்கு வங்கிப் புத்தக நகல் கொடுக்க அலுவலக வரிசையில் நின்ற ஒருத்தி. மூன்றாவது இவள்.

கண் விழித்ததும், "காலையில் என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்டேன். "டீ." "டீயோடு?" "டீதான் மேடம்."

அவளுடைய ஊரிலிருந்து இலவசப் பஸ் காலை 6.50க்கு ஒன்று, 9.40க்கு ஒன்று. வகுப்பு ஒன்பதுக்குத் தொடங்குகிறது. அம்மா ஆறு மணிக்கெல்லாம் களை பறிக்கப் போய்விடுவார். தம்பி நான்காம் வகுப்பு. அவனுக்குப் பள்ளியிலேயே காலை உணவு. அந்தத் திட்டத்தை மாநிலம் முழுக்க விரித்தது 2023 ஆகஸ்டில் எங்கள் பக்கத்துத் திருக்குவளையில்தான். "அவன் பொங்கல் சாப்பிட்டுவிட்டுப் போய் உட்காருகிறான் மேடம், நான்தான் விழுகிறேன்" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தப் பெண் பத்தாம் வகுப்பு வரை சத்துணவில் வாரம் ஐந்து முட்டை சாப்பிட்டு வளர்ந்தவள். கல்லூரிக்கு வந்ததும் எல்லாம் நின்றுபோய், புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. அது குழுக்கடன் தவணைக்குப் போய்விடுகிறதாம்.

மறுநாள் வகுப்பில் ஆளுக்கொரு துண்டுச் சீட்டுக் கொடுத்தேன். பெயர் எழுத வேண்டாம், மூன்று கேள்விக்குப் பதில் போதும் என்றேன். இன்று காலை என்ன சாப்பிட்டாய்? நேற்று எத்தனை மணிக்குத் தூங்கினாய்? கல்லூரியில் இருக்கும்போது கழிப்பறைக்குப் போவாயா? 46 சீட்டு வந்தது. 29 பேர் வெறும் தேநீர் அல்லது எதுவுமில்லை. 31 பேர் கழிப்பறைக்கு "வீட்டுக்குப் போய்த்தான்" என்று எழுதியிருந்தார்கள். காலை ஏழுக்குக் கிளம்பி மாலை நான்குக்கு வீடு போகிற பிள்ளைகள்.

ஒரு சீட்டில் மூன்று கேள்விக்கும் பதில் இல்லை. அதற்குப் பதிலாக, "தூக்கமே வருவதில்லை. யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை" என்று இருந்தது. அதை என் கைப்பையில் வைத்திருக்கிறேன்.

இதற்கிடையே கல்லூரி முதல்வர் 'மாணவர் உடல் மன நலக் குழு' என்று ஒன்றை அமைத்து, என்னை ஒருங்கிணைப்பாளராகப் போட்டுவிட்டார். பெற்றோர் ஆசிரியர் கழக நிதியிலிருந்து பதினைந்தாயிரம் ரூபாய். அவர் கையால் எழுதிக் கொடுத்த செலவுத் திட்டம்: தன்னம்பிக்கைப் பேச்சாளருக்கு 8,000, பதாகை, பொன்னாடை, விருந்தினர் மதிய உணவு, மிச்சத்தில் யோகா பாய். யோகாவின் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் வெறும் வயிற்றோடு வந்த பிள்ளையை எழுப்பி நிறுத்தி மூச்சை இழு, விடு என்று சொல்ல வாய் வரவில்லை. பொன்னாடையை எடுத்துவிட்டால் எத்தனை முட்டை வரும் என்று மேசையின் இந்தப் பக்கம் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

என் கேள்வி: அதிகாரம் இல்லாத ஒருத்தி, இந்தப் பணத்தை வைத்து எதை முதலில் தொடுவது? முட்டையா, ரத்தப் பரிசோதனையா, கழிப்பறையா? அந்தச் சீட்டை எழுதிய பிள்ளையை எப்படிக் கண்டுபிடிப்பது?


மருந்துச்சீட்டு
செப்டம்பர் 4, 2025

ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவன். முதலில் ஒரு சின்னத் திருத்தம்: மயங்கியவரின் தலையை மடியில் வைக்காதீர்கள். தட்டையாகப் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். இரண்டு பையை அடுக்கி அதன் மேல் காலை வைத்தால் போதும். நினைவு முழுதாகத் திரும்பும் முன் சோடா, தண்ணீர் எதையும் வாயில் ஊற்ற வேண்டாம், புரையேறும். ஒரு நிமிடத்தில் தெளியாவிட்டாலோ, கைகால் வெட்டி இழுத்தாலோ, விழும் முன் நெஞ்சு வலி, படபடப்பு என்று சொல்லியிருந்தாலோ யோசிக்காமல் 108ஐ அழையுங்கள்.

இரண்டாவது, விழுகிற எல்லோருக்கும் ரத்தசோகை என்று முடிவு கட்டாதீர்கள். வெயில், வெறும் வயிறு, தண்ணீர் குடிக்காமை, அசையாமல் ஒரே இடத்தில் நிற்பது, இந்த நான்கும் சேர்ந்தாலே ரத்த அழுத்தம் இறங்கிவிடும். உங்கள் கொடியேற்றப் பெண்ணுக்கு அப்படி இருந்திருக்கலாம். தண்ணீர் குடிக்காததற்குக் காரணம் கழிப்பறை என்பதை நீங்களே எழுதிவிட்டீர்கள்.

ஆனாலும் ஹீமோகுளோபின் பார்த்தே ஆக வேண்டும். தேசிய குடும்ப நல ஆய்வின் 2019–21 கணக்கில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12 கிராமுக்குக் கீழே போனால் சோகை, 8க்குக் கீழே போனால் கடுமையானது. பள்ளியில் வாரம் ஒரு நீல நிற இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தோம். படிப்பை விட்ட பெண்களுக்கு அங்கன்வாடி வழியாகக் கொடுக்கிறோம். கல்லூரிக்குப் போகிற பதினெட்டு வயதுப் பெண் இந்த இரண்டு வலையிலும் சிக்குவதில்லை. எங்களிடம் அவள் அடுத்து வருவது கல்யாணமாகி, கர்ப்பத்தைப் பதிவு செய்யத்தான். அப்போது பார்த்தால் எட்டரை இருக்கும்.

உங்கள் பெண்களிடம் வெட்கப்படாமல் இரண்டு விஷயம் கேளுங்கள். பச்சரிசி, பல்பம், ஐஸ் இதில் எதையாவது மெல்லும் ஆசை இருக்கிறதா? இரும்பு குறைந்த உடம்பு அப்படிக் கேட்கும். மாதவிடாய் ஏழு நாளைத் தாண்டுகிறதா, கட்டி கட்டியாகப் போகிறதா? அப்படியானால் மாத்திரையோடு நிற்காமல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

நீங்கள் குடுவையில் வைத்து அளந்தீர்களே, அந்த பெர்ரஸ் சல்பேட்தான் எங்கள் மாத்திரையிலும் இருக்கிறது. இலவசம். சாப்பிட்டால் மலம் கறுக்கும், முதல் வாரம் வயிறு பிசையும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் நான்காம் நாள் குப்பைக்குப் போகும், நான் பார்த்திருக்கிறேன். தேநீரோடு விழுங்கக் கூடாது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் தேநீர், காபி வேண்டாம் என்றுதான் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் சொல்கிறது. நெல்லிக்காய், எலுமிச்சை சேர்ந்தால் இரும்பு நன்றாக ஏறும்.

முட்டை பற்றி: கொடுங்கள், ஆனால் புரதத்துக்காகக் கொடுங்கள். இரும்புக்கு அதை நம்ப வேண்டாம். அசைவம் சாப்பிடுகிற வீடாக இருந்தால் ஆட்டுச் சுவரொட்டி (மண்ணீரல்) வாரம் ஒருநாள். நம் பாட்டிகள் இதில் தவறு செய்யவில்லை. முருங்கைக்கீரை நல்லதுதான், ஆனால் எட்டு கிராமில் இருப்பவளைக் கீரை மட்டும் பன்னிரண்டுக்கு ஏற்றிவிடாது.


பழைய நாற்காலி
செப்டம்பர் 5, 2025

முப்பத்திரண்டு ஆண்டுகள் அரசுக் கல்லூரிகளில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவன். 1974இல் நான் ஐந்து கல் நடந்து போய்ப் படித்தேன், பழைய சோற்றைத் தவிர வேறு பார்த்ததில்லை, மயங்கி விழுந்ததும் இல்லை. இக்காலப் பிள்ளைகளுக்கு இரவு ஒரு மணி வரை கைப்பேசி. காலையில் எழுந்தால்தானே சாப்பிட? சீட்டில் இரண்டாவது கேள்விக்கு என்ன பதில் வந்தது என்று நீங்கள் எழுதவில்லையே, கவனித்தேன்.


பியூரெட்
செப்டம்பர் 5, 2025

ஐயா, சரியாகப் பிடித்தீர்கள். பாதிப்பேர் பன்னிரண்டு மணிக்கு மேல். கைப்பேசிதான், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் பழைய சோறு சாப்பிட்டுவிட்டுத்தான் நடந்தீர்கள். இவர்கள் சாப்பிடாமல் பஸ்ஸில் நிற்கிறார்கள்.


பழைய நாற்காலி
செப்டம்பர் 5, 2025

அதுவும் சரிதான். ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பழைய சோற்றை எனக்குப் பிழிந்து வைத்துவிட்டு என் அக்கா நீராகாரம் மட்டும் குடித்துவிட்டு வயலுக்குப் போவாள். அவள் மயங்கி விழுந்தாளா என்று நான் கேட்டதில்லை.

சரி, உருப்படியாகச் சில வார்த்தை. கோப்புகளோடு வாழ்ந்தவன் சொல்கிறேன்.

முதல்வரிடம் பேச்சாளர் வேண்டாம், பொன்னாடை வேண்டாம் என்று போய் நிற்காதீர்கள். நிகழ்ச்சி இருக்கட்டும், பதாகை இருக்கட்டும், பொன்னாடையும் இருக்கட்டும். சிறப்பு விருந்தினரை மட்டும் மாற்றுங்கள். வட்டார மருத்துவ அலுவலரை அழையுங்கள். அவருக்கு எட்டாயிரம் கொடுக்க வேண்டியதில்லை; வரும்போது செவிலியரையும் ஆய்வக நுட்பநரையும் கூட்டிக்கொண்டு வருவார். முதல்வருக்குப் புகைப்படம் கிடைக்கும், உங்களுக்கு ரத்தப் பரிசோதனை நடக்கும்.

உணவுக்குச் செலவு செய்யும் முன் கழகக் கூட்டத்தில் தீர்மானம் போட்டுக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் தணிக்கையில் "சுண்டல் வாங்கியது எதற்கு?" என்று ஒரு தடை எழுதுவார்கள், நீங்கள் மூன்று வருடம் பதில் எழுதிக்கொண்டிருப்பீர்கள். தீர்மானத்தில் 'சிற்றுண்டி' என்று எழுதாதீர்கள். 'செய்முறை வகுப்பு விபத்துத் தடுப்பு' என்று எழுதுங்கள். பொய்யும் இல்லை, பியூரெட் உடைந்திருக்கிறதே.

அரசுக் கட்டடம் என்றால் கழிப்பறைப் பழுது பொதுப்பணித் துறையின் வேலை. செயற்பொறியாளருக்கு முதல்வர் வழியாகக் கடிதம், மண்டல இணை இயக்குநருக்கு நகல். அனுப்பிய எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு மாதம் ஒரு நினைவூட்டல். எப்போது வருவார்கள் என்பது ஆண்டவனுக்கு வெளிச்சம், ஆனால் கடிதம் இல்லாமல் நிச்சயம் வர மாட்டார்கள்.


மூன்றாம் பெஞ்சு
செப்டம்பர் 6, 2025

இதே போன்ற ஒரு கல்லூரியில் படித்து ஆறு வருடம் முன் வெளியே வந்தேன். கழிப்பறையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், அதனால்தான் கணக்கைத் திறந்தேன். இதைப் பற்றி இதுவரை எங்கும் எழுதியதில்லை.

எங்கள் தளத்தில் ஆறு இருந்தன. இரண்டு ஆசிரியர்களுக்கு, பூட்டியிருக்கும். ஒன்றில் தண்ணீர் வராது. மிச்சம் மூன்றில் இரண்டுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒருத்தி உள்ளே போனால் தோழி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். துப்பட்டாவை, பையை மாட்ட ஓர் ஆணிகூட இல்லை, கழுத்தில் சுற்றிக்கொள்வோம். இடைவேளை பத்து நிமிடம், வரிசையில் நாற்பது பேர். நாப்கினைப் போட இடமில்லாமல் தாளில் சுற்றிச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோன நாட்கள் உண்டு. பிறகு அந்த மூன்று நாளும் கல்லூரிக்கே போவதில்லை என்று முடிவு செய்தேன். மாதம் மூன்று நாள் கணக்குப் போடுங்கள். 75 சதவீத வருகை எங்கே போகும்?

இரண்டாமாண்டில் நீர்க்கடுப்பு. அம்மா சூடு என்று சொல்லி வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தார், தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தார். அடுத்த மாதம் மறுபடியும். இந்த முறை குளிர் காய்ச்சல், முதுகில் குத்து வலி. மருத்துவமனையில் மூன்று நாள் படுத்திருந்தேன். சிறுநீரகம் வரை தொற்று ஏறியிருந்தது. அந்த மருத்துவர், "தண்ணீர் குடிப்பதில்லையா, அடக்கி வைக்கிறாயா?" என்று ஒரு கேள்விதான் கேட்டார். நான் அழுதுவிட்டேன். அதுவரை யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

எனவே என் பதில்: பொதுப்பணித் துறை வரும்போது வரட்டும். நீங்கள் இந்தச் சனிக்கிழமை வன்பொருள் கடைக்குப் போய்த் தாழ்ப்பாள், மாட்டுவதற்குக் கொக்கி, குவளை, மூடி போட்ட குப்பைத்தொட்டி வாங்குங்கள். தச்சர் கூலி சேர்த்து மூவாயிரத்தைத் தாண்டாது. ஆசிரியர் கழிப்பறை இரண்டில் ஒன்றைத் திறந்துவிட்டால் அது இன்னும் மலிவு. ஆனால் அதற்குத் துணிச்சல் வேண்டும் மேடம்.


காது
செப்டம்பர் 7, 2025

கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் மாணவர் ஆலோசகராக இருக்கிறேன். சீட்டு விஷயத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

கண்டுபிடிக்காதீர்கள். கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்க உங்களுக்கு ஆசை வரும், ஆய்வகக் குறிப்பேடு கையருகே இருக்கிறது. செய்யாதீர்கள். பெயர் வேண்டாம் என்று நீங்கள் சொன்ன வாக்கை நம்பித்தான் அந்தப் பிள்ளை எழுதியிருக்கிறது. நேராகப் போய் "நீதானே?" என்று கேட்டால் அடுத்த சீட்டு வராது.

ஆனால் பதில் சொல்லாமலும் இருக்காதீர்கள். வகுப்பிலேயே, எல்லோருக்கும் பொதுவாக, "ஒரு சீட்டில் தூக்கம் வரவில்லை என்று படித்தேன். எழுதியவருக்கு நன்றி. வியாழக்கிழமை மதியம் ஒன்றரை முதல் இரண்டரை வரை ஆய்வகத்தில் இருப்பேன். குறிப்பேட்டில் சந்தேகம் கேட்கவும் வரலாம், வேறு பேசவும் வரலாம்" என்று சொல்லுங்கள். குறிப்பேடு முக்கியம். இங்கே என் அறை முதலில் முதல்வர் அறைக்குப் பக்கத்தில் இருந்தது. ஒரு பருவம் முழுக்க நான்கு பேர் வந்தார்கள், அதில் இருவர் கைப்பேசி பிடிபட்டதற்குத் தண்டனையாக அனுப்பப்பட்டவர்கள். சண்டை போட்டு நூலகத்தின் மாடிக்கு, நகலெடுக்கும் கடைக்கு அடுத்த அறைக்கு மாறினேன். அந்தப் படியில் ஏறுகிற எவரும் நகல் எடுக்கப் போவதாகச் சொல்லிக்கொள்ளலாம். இப்போது வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பேர்.

வந்தால் அறிவுரை வேண்டாம். தூக்கம் எத்தனை நாளாக இல்லை, சாப்பாடு இறங்குகிறதா, வீட்டில் யாருக்குத் தெரியும் என்று கேளுங்கள். உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றுகிறதா என்பதையும் நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. கேட்டதும் பலருக்குத் தோள் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்யாதீர்கள். "உன் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் இன்னும் ஒருவரிடம் சொல்வேன், யாரிடம் என்பதை உன்னைக் கேட்டு முடிவு செய்வேன்" என்று சொல்லுங்கள். அதோடு தனியாக விட்டுவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள்.

14416 என்ற எண்ணை ஆய்வகக் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள். டெலிமானஸ் என்ற அரசுச் சேவை, 2022 அக்டோபரில் தொடங்கியது. கட்டணம் இல்லை, இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் உங்கள் வட்ட மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருகிறார் என்று விசாரித்து அதையும் கீழே எழுதுங்கள்.

முதல்வருக்கு இதையும் சொல்லி வையுங்கள்: 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பில், நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் இருக்கும் கல்வி நிறுவனங்கள் தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும் என்று இருக்கிறது. வேதியியல் ஆசிரியர் அந்தப் பட்டியலில் இல்லை. நீங்கள் இடைக்காலத்துக்குத்தான்.


இரண்டாமாண்டு
செப்டம்பர் 7, 2025

எல்லோரும் பெண்களைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். தவறு இல்லை. எங்களையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள் மேடம். எங்கள் வகுப்பில் ஏழு பையன்கள் கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறப் போகிறோம். முகூர்த்த நாளென்றால் முந்தின இரவு காய் வெட்ட உட்கார்ந்து, விடிந்து பந்தி முடித்து, குளித்துவிட்டு வகுப்புக்கு வருவோம். ஒரு நாளுக்கு அறுநூறு. பையன்கள் மயங்கி விழுவதில்லை, மேசையில் தலை சாய்த்துத் தூங்குகிறார்கள். வெளியே போ என்று சொல்லிவிடுகிறார்கள். மயக்கம் என்றால் தண்ணீராவது கொடுப்பார்கள்.


பியூரெட்
டிசம்பர் 12, 2025

மூன்று மாதம் கழித்து வருகிறேன். தாமதத்துக்கு மன்னியுங்கள். நடந்ததை அப்படியே எழுதுகிறேன், நடக்காததையும்.

நாற்காலி ஐயா, உங்கள் தந்திரம் பலித்தது. வட்டார மருத்துவ அலுவலர் பொன்னாடை போர்த்திக்கொண்டார், ஐந்து நிமிடம் பேசினார், பிறகு ஒன்றரை மணி வரை இரண்டு செவிலியர்களோடு உட்கார்ந்து 212 பெண்களுக்கு ரத்தம் பார்த்தார். 118 பேர் பன்னிரண்டுக்குக் கீழே. ஐந்து பேர் எட்டுக்குக் கீழே, அவர்களை மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பினோம். அதில் ஒருத்திக்கு ஒரு வருடமாக மாதம் பத்து நாளுக்குக் குறையாமல் போய்க்கொண்டிருந்திருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் அப்படித்தான் என்று நினைத்திருக்கிறாள். பல்பக் கேள்வியைக் கேட்டபோது வகுப்பே ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தது. ஏழெட்டுப் பேர் பையில் பச்சரிசிப் பொட்டலம் வைத்திருந்தார்கள்.

மாத்திரையைத் தேநீரோடு விழுங்காதே என்று சொன்னால் யார் கேட்பார்கள்? எனக்குத் தெரிந்த வழியில் செய்தேன். பால் கலக்காத தேநீரை ஒரு முகவையில் ஊற்றி, அதில் கொஞ்சம் பெர்ரஸ் சல்பேட் கரைசலை விட்டேன். கண்ணெதிரே கறுத்தது. அந்தக் காலத்தில் கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சியது இதே வினைதான், அன்னபேதி என்றால் பெர்ரஸ் சல்பேட்தான் என்று சொன்னேன். "அப்போ தினமும் வயிற்றுக்குள் மை காய்ச்சுகிறோமா மேடம்?" என்று பின்வரிசையிலிருந்து குரல் வந்தது. பதினோரு வருடத்தில் என் வகுப்பு அவ்வளவு அமைதியாக ஒரு முகவையைப் பார்த்ததில்லை.

முட்டைத் திட்டம் தொடங்கிய முதல் வாரமே இடித்தது. புரட்டாசி பிறந்துவிட்டதை நான் யோசிக்கவேயில்லை! வேகவைத்த 48 முட்டையில் பத்தொன்பது மிஞ்சியது. உடனே கொண்டைக்கடலைச் சுண்டலுக்கு மாறினோம். சிற்றுண்டிச்சாலைக்காரர் ஒரு கிண்ணம் ஏழு ரூபாய்க்கு ஒத்துக்கொண்டார், எலுமிச்சை பிழிந்து தருகிறார். ஐப்பசியிலிருந்து மறுபடி முட்டை. செய்முறை நடக்கும் செவ்வாயும் வெள்ளியும் மட்டும், வகுப்புக்கு முன், ஆய்வகத்துக்கு வெளியே வராந்தாவில். வாரம் 672 ரூபாய். தாழ்ப்பாள் செலவு 2,340, பதாகை 900 (அதில் தோற்றுவிட்டேன்), பொன்னாடையும் தேநீரும் ஆயிரம் போக, மிச்சம் பதினாறு வாரத்துக்கு வரும். மழை விடுமுறை விட்ட புண்ணியத்தில் இன்னும் கையில் பணம் இருக்கிறது. தீர்மானத்தில் 'விபத்துத் தடுப்பு' என்றே எழுதினோம். அதற்கு அப்புறம் ஆய்வகத்தில் யாரும் விழவில்லை, எனவே தணிக்கைக்காரர் வந்தாலும் தைரியமாகக் காட்டுவேன்.

ஆய்வகத்தில் விழுந்த பெண்ணுக்கு அன்று 8.4 இருந்தது. போன வாரம் 10.6. விட்டுப்போன மூன்றாவது அளவீட்டை எடுத்து முடித்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். அதே பழுப்புக் கறைக் கோட்டுதான்.

மூன்றாம் பெஞ்சு, ஐந்து கதவுக்குத் தாழ்ப்பாளும் கொக்கியும் போட்டாயிற்று. ஒரு கொக்கியை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஆசிரியர் கழிப்பறையைத் திறக்கச் சொன்னேன். துறையில் இரண்டு பேர் என்னிடம் இன்னும் பேசுவதில்லை, கதவும் இன்னும் திறக்கவில்லை. பொதுப்பணித் துறைக்குக் கடிதம் போயிருக்கிறது, மூன்று நினைவூட்டலும். பதில் இல்லை.

வியாழக்கிழமைகள்: முதல் இரண்டு வாரம் நானும் பல்லியும்தான். மூன்றாவது வாரம் ஒருத்தி உண்மையிலேயே குறிப்பேட்டுச் சந்தேகத்தோடு வந்தாள். மோலாரிட்டி விளக்கி அனுப்பினேன். எழுந்து போனவள் கதவருகே நின்று, "மேடம், வேறு பேசலாம் என்று சொன்னீர்களே" என்றாள். இதுவரை நான்கு பேர். சீட்டை எழுதியது அவர்களில் ஒருவரா என்று தெரியாது, கேட்கவில்லை. ஒரு பிள்ளை 14416க்குப் பேச வேண்டும், ஆனால் வீட்டில் தனி இடம் இல்லை என்றது. எங்கள் தராசு அறையில் உட்காரவைத்தேன். காற்று அசையாமல் இருக்க ஜன்னலெல்லாம் மூடியிருக்கும் அறை, சத்தம் வெளியே வராது. நான் வாசலில் நின்று, உள்ளே போக வந்த இரண்டு பேரைத் தராசு பழுது என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். ஆலோசகர் நியமனம் பற்றி முதல்வரிடம் தீர்ப்பைச் சொன்னேன். "மேலே எழுதுவோம்" என்றார். எழுதிய நகலை நான் இன்னும் பார்க்கவில்லை.

இரண்டாமாண்டுத் தம்பிக்கு: பையன்களுக்கும் பார்க்கச் சொல்லிக் கேட்டேன், அன்றைக்கு ரத்தம் பார்க்கும் பட்டைகள் தீர்ந்துவிட்டன. ஜனவரியில் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். தூக்கத்துக்கு என்னிடம் வழியில்லை. முகூர்த்த நாளின் மறுநாள் என் வகுப்பில் தூங்குகிறவர்களை எழுப்புவதை நிறுத்திவிட்டேன். வருகைப் பதிவை வகுப்பின் கடைசியில் எடுக்கிறேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

இன்னொன்று, யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். முட்டை ஓடு மூன்று வாளி சேர்ந்துவிட்டது. மூன்றாமாண்டுப் பிள்ளைகளைக் கொண்டு அதில் கால்சியம் கார்பனேட் எவ்வளவு என்று அளக்கவைக்கலாம் என்று ஆய்வக அக்காவிடம் தூக்கிப் போடாமல் வைக்கச் சொன்னேன். உள்தோலை உரித்துக் கழுவிக் காயவைத்தும் நாற்றம் போகவில்லை. மழையில் வெயிலும் இல்லை. எப்படிக் காயவைப்பது?